ஐம்பது சுழற்சியின் சுருதி

ஒலிக்கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் புதிதாக ஒன்றை வாங்கியதும் திரை விலகியது என்பார்கள், பாடகர் எதிரே வந்து அமர்ந்தார் என்பார்கள். எட்டு மாதங்களாக எங்கள் வீட்டில் இருக்கும் டிஜிட்டல்-அனலாக் மாற்றியைப் பற்றி அப்படி எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. டிஏசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பெட்டி, உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. எண்களாகச் சேமிக்கப்பட்ட இசையை மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதன் வேலை. எங்கள் வீட்டில் அது தம்புராவை நிற்க வைத்தது. இது என் சொல் அல்ல, அப்பாவின் சொல்.

காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில், திருவையாற்றிலிருந்து அதிக தூரமில்லாத ஊர் எங்களுடையது. அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அரை வேலி நிலமும் உண்டு. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம்தான் அவருக்குச் சங்கீதப் பள்ளிக்கூடம். நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஆராதனை நடக்க, அதை வீட்டில் வானொலி முன் அமர்ந்து கேட்ட மனிதர். கேட்டால், அங்கே கூட்டத்தில் பாட்டு காதில் விழாது என்பார். இப்போது எண்பத்திரண்டு வயது. மேல்ஸ்தாயி ஓசைகள் அவரை விட்டு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. செல்பேசி மணி கேட்பதில்லை, சுவர்க்கோழி கேட்பதில்லை. ஐப்பசித் தவளைகள் மட்டும் நன்றாகவே கேட்கின்றன.

என் ஏற்பாடு எளியது. மேசைக்கணினியில் சேர்த்து வைத்த கச்சேரிகள், அதிலிருந்து ஒரு கம்பி, பழைய ஒலிபெருக்கி, இரண்டு பெட்டிகள். ஒருநாள் ஒரு பாடகியின் கச்சேரிப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: “பாட்டு நல்லாத்தான் இருக்கு. தம்புரா மட்டும் ஆடுதேப்பா.”

எனக்கு ஆடியதாகத் தெரியவில்லை. ஆனால் சுருதி விஷயத்தில் அவர் சும்மா சொல்கிறவர் அல்ல என்பதால், பாட்டை நிறுத்திவிட்டு ஒலிப்பெட்டியில் காதை வைத்தேன். மெலிதான உறுமல். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. அது இசைக்கம்பிக்குள் கசியும்போது ஐம்பதாகவும் அதன் மடங்கான நூறாகவும் இருநூறாகவும் ஒலிக்கும். அந்தப் பாடகியின் சுருதி ஐந்து கட்டை. ஐந்து கட்டையில் மத்தியஸ்தாயி ஷட்ஜம் ஏறக்குறைய 196 அதிர்வு, தம்புராவின் மந்தர ஷட்ஜம் 98. பக்கத்தில் மின்சாரத்தின் நூறு. 98உம் 100உம் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் இதற்கு ‘விம்மல்’ என்று அழகான பெயர் உண்டு. அப்பாவுக்குக் கேட்டது அந்த விம்மல். எங்கள் வீட்டில் தம்புராவுக்குப் பக்கத்தில், யாரும் அழைக்காமலே, வேறு சுருதியில் இன்னொருவர் ஒத்து ஊதிக்கொண்டிருந்தார்!

பழைய மின்வெட்டுக் காலங்களில், தென்மாநில மின்தொகுப்பின் அதிர்வெண் ஐம்பதுக்குக் கீழே சரிந்து கிடக்கும். சரியாக 49 ஆன நிமிடங்களில் இதே உறுமல் ஐந்து கட்டையோடு கச்சிதமாகச் சேர்ந்திருக்கும். பற்றாக்குறைக்கும் ஒரு சுருதி சுத்தம் இருந்திருக்கிறது.

கணினியும் ஒலிபெருக்கியும் தனித்தனி இடத்தில் மின்சாரம் எடுத்து, இடையில் ஓடும் இசைக்கம்பி வழியாக ஒரு வளையத்தை உண்டாக்குவதே இந்த உறுமலின் மூலம். எனவே ஒளிவடம் பொருத்தக்கூடிய ஒரு மாற்றியாகத் தேடி வாங்கினேன். ஒளிவடத்தில் கணினியிலிருந்து வெளிச்சம் மட்டுமே வருகிறது. மின் தொடர்பு அறவே இல்லை. வளையம் அறுந்தது, உறுமல் போனது.

அதன் உள்ளே இருக்கும் சில்லு ‘டெல்டா-சிக்மா’ வகை. டெல்டாக்காரன் வீட்டுக்குப் பொருத்தம்தான். பழைய ஏணி வடிவ மின்தடைச் சில்லுகளே உயர்ந்தவை என்று சண்டையிடும் ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் சில்லுத் தொழிற்சாலை ஒன்று எரிந்து, பல நிறுவனங்கள் வேறு சில்லுக்கு மாற நேர்ந்தபோது துக்கம் அனுசரித்தவர்களும் உண்டு. என் அனுபவத்தில் லாபத்தின் பெரும்பங்கு சில்லுக்கு அல்ல, அந்த ஒளிவடத்துக்கே சேரும்.

உறுமல் போனபின் மற்றதெல்லாம் காதுக்கு வந்தது. 1982இல் குறுந்தகடு வந்தபோது வகுத்த கணக்கு, நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 65,536 படிகள். நல்ல பதிவுக்கு இது தாராளம். ஆனால் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டுக்கு இந்தத் தாராளத்தால் ஒன்றும் ஆவதில்லை. மணிக்கணக்கில் ராகம் வாசித்தவரைப் பக்கத்துக்குச் சில நிமிடங்களில் அடக்கிய அரக்குத் தட்டு அது. அதன் மேல் ஊசியின் இரைச்சல், முன்பு கேட்டது போலவே இப்போதும் கேட்கிறது. தோடியும் அப்படியே.

சமீபத்திய நாகஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டேன். கொறுக்கைச் சீவாளி உதட்டில் படும் ஈரம், துளையை மூடும் விரலின் தட்டு, தவிலில் கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையை அறையும் கூர்மை, எல்லாம் இரண்டடி தூரத்தில். நான் மெய்மறந்திருந்தேன். அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

பிடிக்கவில்லையா என்று கேட்டேன். “இவ்வளவு கிட்டத்துல யாருப்பா கேப்பா?” என்றார்.

யோசித்தால் அது நியாயமான கேள்வி. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து அந்தக் கருவியைச் செய்கிறவர்கள் ஒரு கூடத்துக்காகச் செய்யவில்லை. நான்கு வீதியும் தாண்டி வயல் வரப்பு வரை கேட்க வேண்டும். சிறுவனாக அப்பா ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டது ஒரு சுவாமி புறப்பாட்டில், கூட்டத்தின் கடைசியில், தீவட்டி வெளிச்சம் மட்டும் தெரியும் தூரத்திலிருந்து. சீவாளியின் ஈரத்தை அவர் கேட்டதே இல்லை. அந்தத் தோடியில் எதுவும் குறைந்ததாக அவருக்கு நினைவும் இல்லை. பாடகியின் தம்புராவுக்கு அண்மை வேண்டும், நாகஸ்வரத்துக்குக் காற்று வேண்டும். என் பெட்டிக்குத் தெரிந்தது அண்மை மட்டும்தான். இப்போது நாகஸ்வரம் என்றால் ஒலிப்பெட்டிகளைக் கொல்லைப்புற ஜன்னல் பக்கம் திருப்பிவிடுகிறேன். அப்பா தென்னைமரத்தடியில் நாற்காலி போட்டுக் கேட்கிறார்.

இன்னும் ஒன்று மிச்சம். அப்பா வானொலிக்கு எதிரே டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றிவருகிறேன். அம்மா பாத்திரம் வைக்கும் ஓசை, காக்கை, யாரோ ‘சார்’ என்று வாசலில் கூப்பிடுவது எல்லாம் கீர்த்தனையோடு சேர்ந்தே பதிந்திருக்கின்றன. அந்தக் காலத்து மின்சாரத்தின் உறுமலும்தான். நாடாவுக்குள் பதிந்துவிட்டதை எந்த ஒளிவடமும் அறுக்காது. மென்பொருளால் அந்த அதிர்வெண்களை மட்டும் வெட்டலாம், ஆனால் தம்புராவின் மந்தரமும் அதோடு போய்விடக்கூடும். எடுத்துவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“இதுலயும் ஆடுறது தெரியுது” என்றார். “இது அப்பவே ஆடினது. இருக்கட்டும். அடுத்த பக்கத்தைப் போடு.”