வலப்புறத் தடம் யாருக்கு?



விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச்சாலைத் திட்டத்தின் இரு பகுதிகள் நம் சீர்காழியை அடுத்த சட்டநாதபுரத்தில் சந்திக்கின்றன. வாய்க்கால் கரைச் சாலைகளில், எதிரே பேருந்து வந்தால் மண்ணில் இறங்கி ஒதுங்கிப் பழகியவர்கள் நாம். அங்கே கண் முன்னால் இருந்தால் போதும். நான்குவழிச்சாலையிலோ ஆபத்து பெரும்பாலும் முதுகுப்புறமாக வருகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இருசக்கர வாகனத்தை, 100 மீட்டர் பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஆறே விநாடிகளில் நெருங்கிவிடும்.

ஆகவே இடப்புறத் தடமே நாம் வழக்கமாகச் செல்ல வேண்டிய இடம். நடுத்தடுப்பை ஒட்டிய வலப்புறத் தடம் முந்துவதற்கும் வலப்பக்கம் திரும்புவதற்கும் உரியது. முந்திய பின், கடந்துவந்த வண்டி கண்ணாடியில் முழுமையாகத் தெரிந்ததும் சைகை காட்டி இடப்புறம் வந்துவிட வேண்டும். "வேகமாகத்தானே போகிறோம்" என்று அங்கேயே தங்கிவிட்டால், பின்னால் வருபவர் பொறுமையிழந்து இடப்புறமாக முந்த முயல்வார். லாரி ஓட்டுநரின் பார்வைக்கு எளிதில் அகப்படாத பக்கமும் அதுவே.

அறுவடைக் காலத்தில் இன்னொரு சிக்கல். சாலையின் இடப்புறத்தில் நெல் காயும். இருசக்கர வாகனங்கள் வலப்புறத்திற்குத் தள்ளப்படும். ஈரப்பதம் மிகுந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கிவிடும் என்ற விவசாயியின் நெருக்கடி நாம் அறியாததன்று. ஆயினும், பாதையிலிருந்து இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, இடையூறை நாமே விரித்துவைப்பது எவ்வாறு தகும்?

அதைவிட நம்மை அஞ்சவைப்பது எதிர்த்திசைப் பயணம். நடுத்தடுப்பின் திறப்பு தள்ளியிருக்கிறது என்பதற்காக, முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் இரு பிள்ளைகளுமாக, மார்கழிப் பனியில், வாகனங்கள் சீறிவரும் தடத்திலேயே எதிராக வருகிறார்கள். கேட்டால், "கொஞ்ச தூரந்தான் ஹஜ்ரத்" என்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இதனை ஆபத்தான ஓட்டுதலின் கீழ் சேர்த்திருக்கிறது. அபராதம் மட்டுமின்றிச் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. ஓரமாக வருவதால் இக்குற்றம் நீங்கிவிடாது.

பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் நேரமின்மையே. ஆகவே காலை மத்ரஸா தொடங்குவதைப் பத்து நிமிடம் தள்ளிவைத்திருக்கிறோம். முறையான திறப்பு வரை சென்று சுற்றிவர அந்த நேரம் போதும்.