உங்கள் பாண்ட் எது?

ரேடியோ கார் ஓட்டும் ஜப்பானியர்கள் தம் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரை ‘புரோப்போ’ என்பார்கள். புரோப்போர்ஷனல் என்ற ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்ட பெயர் அது. விகிதத்துக்கேற்ப என்று பொருள். மலிவான பொம்மைக் காருக்கு இடம், வலம், நேர் என மூன்றே நிலைகள். புரோப்போவில் விரல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவே சக்கரமும் திரும்பும். விரலின் சாய்வு மின்துடிப்பின் நீளமாக மாறி, ஒன்றரை மில்லி வினாடி என்றால் நேர், ஒன்றை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கம், இரண்டை நோக்கி நீண்டால் மறுபக்கம் என்று, நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சர்வோவுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த ஏற்பாடு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. அதனால்தான் நாற்பது வயதான புரோப்போவும் அதன் ரிசீவரும் நேற்று வாங்கிய சர்வோவோடு இணக்கமாகப் பேசிவிடுகின்றன. செருகியில் கம்பிகளின் வரிசையை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பழைய நாட்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தது.

நாங்கள் இருவர். வசிப்பது சிபா மாநிலத்தில். 1948இல் வானொலிக்கான வெற்றிடக் குழாய்கள் செய்யத் தொடங்கி, பின்னர் புரோப்போவுக்குப் பெயர்பெற்ற ஃபுடாபாவின் ஊரான மொபாரா இங்கேதான் இருக்கிறது. ஆனால் நாங்கள் பழைய கருவிகளைத் தேடிப் போவது ஹார்ட் ஆஃப் போன்ற பழம்பொருள் கடைகளின் ‘ஜங்க்’ கூடைகளுக்கு. இயங்கும் என்ற உறுதி இல்லை, திருப்பித் தரவும் முடியாது என்பதே அந்தச் சொல்லின் பொருள். அறுந்த ஹெட்போன்களுக்கும் ரிமோட்களுக்கும் அடியில் மடக்கிய ஆண்டெனா ஒன்று தெரிந்தால் எங்களில் ஒருவர் மற்றவரின் கையைப் பிடித்து அழுத்துவது வழக்கமாகிவிட்டது. முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரி அறையைப் பார்ப்போம். எட்டுப் பென் டார்ச் செல்கள் படுத்திருந்த இடத்தில் பச்சைப் பூஞ்சைபோல் உப்புப் பூத்திருந்தால், அந்த அரிப்பு கம்பியின் உறைக்குள்ளும் ஏறியிருக்க வாய்ப்புண்டு. மேலே பளபளப்பாக இருந்து என்ன பயன்?

சேகரிப்பவர்கள் பொதுவாகப் பெட்டியோடு, கையேட்டோடு, கீறலில்லாமல் இருப்பதைத் தேடுவார்கள். எங்களுக்கு அதில் மனம் செல்வதில்லை. ஒருவர் நெடுநாள் ஓட்டிய புரோப்போவே பேசுகிறது. ரப்பர் கைப்பிடியில் கட்டைவிரல் தேய்த்த குழி. பின்புறம் ஒட்டுநாடாவில் கட்டகானா எழுத்தில் ஒரு சிறுவனின் பெயர். டிரிம் நெம்புகோல் இடப்பக்கம் ஓரத்துக்குப் போயிருக்கும். அவன் கார் வலப்பக்கம் இழுத்திருக்கிறது, அவன் அதை நேராக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த நெம்புகோலை நடுவுக்குத் தள்ளுவதற்கு முன் நாங்கள் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்கிறோம். இது சற்று மிகையான உணர்ச்சி என்று வாசகர்கள் நினைத்தால் மறுக்க மாட்டோம்.

பழுது பார்ப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. குச்சிக்கும் சுக்கானுக்கும் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடம் தேய்ந்தோ அழுக்கேறியோ போயிருக்கும்; சக்கரம் நடுக்கம் கண்டவர் கைபோல ஆடும். துப்புரவுத் திரவம் பாதியைக் குணமாக்கும். மீதிக்குப் புதியது பொருத்த வேண்டும். மின்தேக்கிகள் கசிந்திருந்தால் மாற்ற வேண்டும். எல்லாம் பொறுமை சார்ந்த வேலைகள்.

சொல்லத் தகுந்தது படிகத்தைப் பற்றித்தான். 27 மெகாஹெர்ட்ஸ் புரோப்போவின் முதுகில் விரல்நுனி அளவில் ஒரு கிரிஸ்டல் செருகியிருக்கும். கருவி எந்த அதிர்வெண்ணில் பேச வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. ரிசீவரில் அதற்கு இணை ஒன்று உண்டு. பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக வெட்டப்பட்டது. ஆகவே இரண்டையும் இடம் மாற்றிச் செருகினால் கார் அசையாது. பரவலாகப் புழங்கிய ஆறு அதிர்வெண்களுக்கு ஆறு நிறங்கள். 26.995க்குப் பழுப்பு, 27.045க்குச் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, 27.255க்கு நீலம். மின்தடையின் நிறவரிசையைப் படித்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள், அதே வரிசைதான். ஜப்பானில் இவற்றுக்கு இடையிலும் அதிர்வெண்களைச் சேர்த்து 01 முதல் 12 வரை எண்ணிட்டார்கள். சிவப்பு என்றால் நான்காம் பாண்ட், மஞ்சள் என்றால் எட்டு.

ஒரு பாண்டில் ஒருவர் மட்டுமே ஓட்ட முடியும். நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கையில் அதே நிறத்தோடு இன்னொருவர் சுவிட்சைப் போட்டால், உங்கள் கார் உங்களுடையதாக இருப்பதில்லை. முழுவேகத்தில் சுவரில் மோதும்; வேடிக்கை பார்ப்பவரின் கணுக்காலிலும் மோதும். எனவே ஓடுதளத்துக்கு வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது வாய் திறப்பது. “உங்கள் பாண்ட் எது?” எவ்வளவு கூச்சம் உள்ளவரும், எவ்வளவு கர்வம் உள்ளவரும், முன்பின் அறியாதவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். இருவருக்கும் ஒரே நிறமென்றால் ஒருவர் படிகத்தை மாற்ற வேண்டும், அல்லது முறைவைத்து ஓட்ட வேண்டும்.

2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்து இந்தக் கேள்வியை முடித்துவைத்தன. ரிசீவர் தன் புரோப்போவை ஒருமுறை அடையாளம் கண்டு பிணைந்துகொண்டால் வேறு யார் பேச்சையும் கேட்பதில்லை. ஒரு மீட்டர் ஆண்டெனா கட்டைவிரலாகச் சுருங்கியது. பழையதே சிறந்தது என்று நாங்கள் வாதாட வரவில்லை. பந்தயத்துக்குப் புதியதுதான் சரி. பழைய ஏ.எம். ரிசீவர் மோட்டாரின் தீப்பொறிக்கே அஞ்சி நடுங்கும்; மோட்டாரின் உடலில் மூன்று சிறு மின்தேக்கிகளைப் பற்றவைத்து அதன் அச்சத்தைத் தணிக்க வேண்டும். கார் தொலைவில் செல்கையில் ஆண்டெனா நுனியை அதை நோக்கி நீட்டவும் கூடாது, நுனியின் நேர்க்கோட்டில் அலை மெலிந்திருக்கும். இத்தனை பக்குவமும் இன்று யாருக்கும் தேவையில்லை. அதனோடு சேர்ந்து, பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதும் தேவையற்றதாகிவிட்டது.

1984இல் வெளியாகி 2004இல் மறுபதிப்புக் கண்ட டமியாவின் ஹார்னெட்டைத்தான் நாங்கள் ஓட்டுகிறோம். சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு சிறிய ஓடுதளத்தில் ஆண்டெனாவை இழுத்து நீட்டியபோது, மேடையின் மறுகோடியிலிருந்து முதியவர் ஒருவர் இறங்கி வந்து, தலை தாழ்த்தி, அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் கையில் இருந்தது 2.4 கருவி. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. “நான்கு, சிவப்பு” என்றோம். “நான் எட்டு” என்றார், தம்மை அறிமுகம் செய்துகொள்பவரைப் போல. அவர் இளைஞராக ஓட்டிய இடத்தில் பாண்டுக்கு ஒன்றாகத் துணிக்கவ்விகள் மாட்டிய பலகை இருந்ததாம். கவ்வியை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் சுவிட்சைப் போடும் உரிமை. நான்காம் பாண்ட் வைத்திருந்த நண்பரைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவர் பெயரைச் சொல்லவில்லை, நான்கு என்றே சொன்னார். அடுத்த முறை சந்தித்தபோது மிட்டாய் டப்பா ஒன்றைக் கொடுத்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு ஜோடி சிவப்புப் படிகம்.

இதனால் எங்களுக்குள் ஒரு வழக்கு முற்றியிருக்கிறது. எங்களிடம் கே.ஓ. புரோப்போவின் ஈ.எக்ஸ்-1 ஒன்று உண்டு. 1980களில் சுக்கான் வகைக்குப் பெயர் வாங்கித் தந்த கருவிகளுள் ஒன்று. அதன் அலைபரப்பும் பகுதி செத்துவிட்டது. உள்ளே 2.4 பாகத்தை வைத்துவிட்டால் மீண்டும் ஓடும் என்கிறார் எங்களில் ஒருவர். சுக்கானின் சுருள்வில்லும் கனமும்தான் அந்தக் கருவியின் உயிர், அலை எதுவானால் என்ன என்பது அவர் கட்சி. சட்டப்படி சான்றுமுத்திரை பெற்ற பாகமாக இருக்க வேண்டும், அதையும் பிரித்துத் திருத்தினால் சான்று செல்லாது என்ற சிக்கலை அவரும் ஒப்புக்கொள்கிறார். மற்றவரோ, பழைய பலகையைச் சீராக்க முடியும், படிகம்தான் வந்துவிட்டதே என்கிறார். கொடுத்தவர் ஓடுதளத்துக்கு வரும்போது அந்தச் சிவப்பு ஓட வேண்டும் என்பது அவர் வாதம். முதலாமவர் அதற்குப் பதில் வைத்திருக்கிறார்: படிகம் கீழே விழுந்தால் உடையும், அதற்கு மாற்று இல்லை, அதை டப்பாவிலேயே விட்டுவிடுவதுதான் மரியாதை.

ஈ.எக்ஸ்-1 முதுகு திறந்தபடி மேசையில் கிடக்கிறது. பலகையில் இரண்டு மின்தேக்கிகளைக் கழற்றியாயிற்று. புதியவை வரச் சொல்லியிருக்கிறோம்.