வெள்ளைப் பக்கம்

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவர். அதை மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு பெரிய மரக் கமராவும் ஆறு ஹோல்டர்களும்தான். கடந்த டிசம்பர் விடுமுறையில் கட்டாரிலிருந்து வந்த மாமா ஒரு பெட்டி பிலிம் கொண்டுவந்தார். நாலுக்கு ஐந்து அங்குலத்தில் 25 தாள்கள். அப்பா எனக்குப் படமெடுக்கப் பழக்கத் தொடங்கினார்.

இந்தக் கமராவுக்குச் சுருள் பிலிம் இல்லை. ஒரு படத்துக்கு ஒரு தாள். ஹோல்டரின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கும்மிருட்டில்தான் நுழைக்க வேண்டும். தாளின் ஓரத்திலுள்ள சிறு வெட்டுகள் மேலே வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், மருந்துப் பக்கம் நம்மைப் பார்க்கிறது. தாளை மூடியிருக்கும் தகட்டுக்கு ஸ்லைட் என்று பெயர். அதன் பிடியில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. எடுக்காத தாளுக்கு வெள்ளை வெளியே தெரிய வேண்டும். எடுத்ததும் ஸ்லைட்டைத் திருப்பி, கறுப்பு வெளியே தெரியும்படி செருக வேண்டும். இருட்டிலும் விரல் அறியட்டும் என்று வெள்ளைப் பக்கத்தில் சிறு புடைப்புகள் வைத்திருக்கிறார்கள்.

எடுத்த தாளா எடுக்காத தாளா என்று திறந்து பார்க்கவும் முடியாது; பார்த்தால் பாழ். கழுவும் வரை அந்த நிறம்தான் சாட்சி. அதனால் அப்பா ஒரு கொப்பியும் தந்தார். ஹோல்டர் இலக்கம், பக்கம், என்ன படம் என்று அந்த இடத்திலேயே எழுத வேண்டும். "சந்தேகம் வந்தா எடுத்தாச்சு எண்டு நெனெச்சு ஒதுக்கி வெச்சிரு மகள். ஒரு தாள்தானே" என்பார்.

பெரியவர்களும் எழுத மறந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல். அமெரிக்காவின் அன்சல் அடம்ஸ் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேல் சந்திரன் எழுவதைப் படமெடுத்தார். ஒன்றை எடுத்து, ஹோல்டரைத் திருப்பி அடுத்த ஸ்லைட்டை இழுப்பதற்குள் மையவாடிச் சிலுவைகளில் விழுந்த வெயில் போய்விட்டது. அப்படிப்பட்ட படத்துக்கே அவர் பின்னாளில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார். சந்திரன் நின்ற இடத்தைக் கணித்துத்தான் அது 1941 நவம்பர் 1 என்று கண்டுபிடித்தார்கள்.

என் கதை அவ்வளவு பெரியதல்ல. உம்மும்மாவுக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படமே இல்லை. ஊரையெல்லாம் படமெடுத்தவரின் மனைவி! அவர்தான் கமராவுக்கு முன்னால் நிற்க மாட்டார். அன்று அசர் தொழுகைக்குப் பிறகு, என்ன நினைத்தாரோ, வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு முற்றத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். நான் அதற்குச் சற்று முன்புதான் மாமரத்தைப் படமெடுத்திருந்தேன். மூன்றாம் ஹோல்டரிலா, நான்காம் ஹோல்டரிலா? கொப்பியில் எழுதியிருக்கவில்லை. கையிலிருந்த மூன்றாம் ஹோல்டரில் வெள்ளை தெரிந்தது. ஆனால் ஸ்லைட்டைத் திருப்பிச் செருகினேனா என்பது நினைவில்லை.

நான் வாயைத் திறந்திருக்கலாம். உம்மா, மாமா, மச்சிமார் எல்லோரும் சுற்றி நின்றார்கள். "தெரியல்ல, வேற ஹோல்டர் எடுத்திட்டு வாறன்" என்று சொல்ல வெட்கப்பட்டேன். அழுத்தினேன்.

இரவு கழுவிய நெகட்டிவை அப்பா விளக்குக்கு நேரே பிடித்தார். மாமரத்தின் கருந்தண்டு இருந்த இடத்தில் உம்மும்மாவின் பாதி முகம் தெளிவாக விழுந்திருந்தது. மற்றப் பாதி, மரத்துக்குப் பின்னாலிருந்த வானத்தின் வெளிச்சத்தில் கரைந்து போயிருந்தது.

"எடுக்கக்குள்ள தெரியுமா?" என்று கேட்டார்.

"சந்தேகமா இருந்திச்சு அப்பா."

அவர் ஏசவில்லை. கொப்பியை மட்டும் என் பக்கம் தள்ளினார். "3, முன்பக்கம்: மாமரம், உம்மும்மா" என்று எழுதினேன்.

மறுநாள் அச்சிட்ட படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்த உம்மும்மா, "இந்த மரம் நான் நட்டது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை உட்காரச் சொல்லி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறேன். பெருநாளைக்குப் பார்ப்போம் என்கிறார்.