இருபத்தெட்டுக்குப் பன்னிரண்டு

லீ சோங் வெய்யும் லின் டானும் மொத்தம் 40 முறை மோதினார்கள். லின் டானுக்கு 28, நம்மாளுக்கு 12. டென்னிஸில் ஃபெடரரும் நடாலும்கூட சரியாக 40 முறைதான் ஆடியிருக்கிறார்கள். நடால் 24-16 என்று முன்னிலை. ஆனால் அந்தக் கதையில் பின்தங்கியவர் கையில் 20 கிராண்ட்ஸ்லாம் இருக்கிறது. நம்மாளிடம் ஒலிம்பிக் தங்கமும் இல்லை, உலக வெற்றியாளர் பட்டமும் இல்லை. 349 வாரங்கள் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த மனுசன்!

2011இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் உலகப் போட்டியின் இறுதியாட்டம். முதல் செட் லீக்கு. மூன்றாவது செட்டில் 21-23 என்று போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5, அதே அரங்கம், ஒலிம்பிக் இறுதியாட்டம். மறுபடி முதல் செட் லீக்கு. மூன்றாவதில் 19-21. இரண்டு முறையும் இரண்டே புள்ளி.

அது நோன்பு மாதம். ஜொகூர் பாரு, குளுவாங், பத்து பகாட் சாலைகள் சந்திக்கும் ஊர் எங்களுடையது. வெளியூர்க்காரர்கள் பூஜாடி வாங்க நிற்பார்கள், அவ்வளவுதான். அன்று மாமாக் கடையில் உட்கார இடமில்லை. மலாய்க்காரர், சீனர், நாங்கள் எல்லாரும் ஒரே டிவியைப் பார்த்தோம். பக்கத்து மேசை சீன அங்கிள் சீனாக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்ததும் கடைக்காரர் டிவியை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"லின் டான் மட்டும் இல்லன்னா தங்கம்டா மச்சான்" என்றான் கூட்டாளி. நாடே அதைத்தான் சொன்னது.

பிறகு 2016, ரியோ. அரையிறுதியில் லீ லின் டானை ஜெயித்தார்: 15-21, 21-11, 22-20. இருவரும் கட்டிப்பிடித்து சட்டையை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் இறுதியாட்டத்தில் சென் லோங்கிடம் இரண்டு செட்டிலும் 18-21. தடுத்தவன் விலகிய பிறகும் தங்கம் வரவில்லை.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், "அவன் மட்டும் இல்லன்னா" என்று தொடங்கும் வாக்கியம் எங்கள் வீடுகளில் ரொம்பப் புழக்கம். படிவம் ஐந்து முடித்து, கேட்ட இடம் கிடைக்காத வருசம் எங்கள் வீட்டிலும் தினமும் ஓடியது. அதில் உண்மை இல்லை என்று எவனாவது சொன்னால் இன்றும் சண்டைக்குப் போவேன். எஸ்.டி.பி.எம். எழுதி, பக்கத்தில் பாரிட் ராஜாவிலேயே பொறியியல் படித்தேன். வேலையும் கிடைத்தது. ஆனாலும் அப்பா அந்த வாக்கியத்தை விடவில்லை. தடுத்தவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டால் "ஏதோ மெஷினு" என்பார்.

லின் டான் இருந்ததால்தான் லீ இவ்வளவு உயர்ந்தார் என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. மூன்று ஒலிம்பிக் வெள்ளியைக் கழுத்தில் மாட்டிப் பார்க்காதவர்கள்தான் அப்படிப் பேச முடியும்.

28 பற்றி எல்லாருக்கும் தெரியும். 12 பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் ஒன்று 2006 மலேசியப் பொதுப் போட்டி, கூச்சிங். மூன்றாவது செட்டில் லீ 13-20. எதிரே லின் டானுக்கு ஒரே ஒரு புள்ளி போதும். லீ 23-21 என்று ஜெயித்தார். யூடியூபில் இருக்கிறது, படம் தெளிவில்லை. 13-20இலிருந்து பாருங்கள்.