பெட்ரோல் நெடி

காருக்குள் பெட்ரோல் நெடி அடிக்கிறது என்று முதலில் சொன்னவர் அம்மாதான். கண் மருத்துவரிடம் காட்டுவதற்காகப் பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு அவரை அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம். அண்ணன் தம்பி இருவரும் முன்னிருக்கையில் இருந்தோம். நெடி எங்களுக்கும் எட்டாமலில்லை. ஆயினும், சற்றுமுன் பங்கில் பெட்ரோல் போட்டதால் வந்த வாடை என்று ஒரே குரலில் சமாதானம் சொன்னோம். எங்களில் ஒருவர் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் இயந்திரவியலில் பட்டயம் பெற்றவர். அம்மா மேற்கொண்டு பேசவில்லை.

மறுநாள் பானட்டைத் திறந்தபோது உண்மை தெரிந்தது. மூன்று இன்ஜெக்டர்களுக்கும் பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் குழாயான ஃப்யூயல் ரெயிலில், அதை எஞ்சினோடு பிணைக்கும் காதுகளுள் ஒன்று விரிசல் கண்டிருந்தது. முந்தைய மாதம் ஒரு பணிமனையில் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தவர்கள் போல்ட்டை அளவுக்குமீறி இறுக்கியிருக்க வேண்டும். காது விட்டுக்கொடுத்ததும் ரெயில் மயிரிழையளவு மேலெழும்ப, இன்ஜெக்டரின் தலையிலுள்ள ரப்பர் வளையத்தின் வழியே கசிவு தொடங்கியிருந்தது. கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் சாதுவானது. இங்கோ அது ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், கார் டயரின் காற்றைவிட மூர்க்கமாக நிற்கிறது. சூடான எஞ்சினின் மேல் அப்படியொரு கசிவை வைத்துக்கொண்டு, போகவர 300 கிலோமீட்டருக்கு மேல் அம்மாவைப் பின்னால் அமர்த்தி ஓட்டியிருக்கிறோம்.

இனி அந்தக் காரைப் பணிமனைவரை ஓட்டவும் மனம் துணியவில்லை. புதிய ரெயிலையும் ரப்பர் வளையங்களையும் வாங்கிவந்து, ஞாயிறு பிற்பகல் வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினோம். டீசல் காமன் ரெயிலாக இருந்தால் தொட்டிருக்க மாட்டோம். அதில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். அம்மா கேட்காமலே அடுப்பை அணைத்துவிட்டார்.

வழக்கமாகப் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைத் தீர்ப்பார்கள். கசியும் எஞ்சினை ஓடவிட நாங்கள் அஞ்சினோம். ஃபியூஸையும் பேட்டரியின் எதிர்முனையையும் கழற்றி, டாங்கின் மூடியைத் திறந்துவைத்து, குழாய் இணைப்பில் துணியைச் சுற்றி மெல்லத் தளர்த்தினோம். பழைய ரெயில் மூன்று இன்ஜெக்டர்களோடு வெளியே வந்தது. ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் மேலொன்று கீழொன்றாக ஆறு புது வளையங்களைப் பூட்டி, எஞ்சின் ஆயில் தடவி, புதிய ரெயிலைப் பொருத்தினோம். போல்ட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினோம்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மூத்தவருக்கு எஞ்சினின் ஓசையைக் கேட்டுவிடும் அவசரம். “அண்ணே, ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியை மட்டும் திருப்புங்க, பம்பு ஓடட்டும்” என்றார் இளையவர். சாவியைத் திருப்பியதும் பம்பு இரண்டொரு நொடி ஓடி அழுத்தத்தை ஏற்றி நின்றது. ஒருமுறை, இருமுறை, ஒன்றுமில்லை. மூன்றாம் முறை டார்ச் வெளிச்சத்தில் நடு இன்ஜெக்டரின் கழுத்தில் ஒரு துளி திரண்டு நின்றது.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினோம். அந்த ஒரு வளையத்தில் மட்டும் எண்ணெய்ப் பசை இல்லை; அழுத்திய வேகத்தில் விளிம்பு அறுபட்டிருந்தது. அதைப் பூட்டிய கை யாருடையது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரர் வற்புறுத்தியதால் கூடுதலாக வாங்கிய வளையம் கைகொடுத்தது. இம்முறை ஆறுமுறை சாவியைத் திருப்பிப் பார்த்த பின்னரே எஞ்சினை முடுக்கினோம்.

விளக்கேற்றும் நேரம் கடந்திருந்தது. நெடி அடங்கும்வரை வீட்டில் தீக்குச்சி கிழிப்பதில்லை என்று அம்மா உறுதியாக இருந்தார். எஞ்சினை அணைத்தபின் வாசலுக்கு வந்து, பானட்டின் அருகே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார்.

“இப்ப இல்ல” என்றார். பிறகு எங்கள் இருவரையும் ஏறிட்டு, “அன்னைக்குப் பங்குல போட்ட வாடைன்னு சொன்னீங்களேய்யா?” என்று கேட்டார்.

எங்களிடம் விடை இல்லை. அவரும் அதற்காகக் காத்திராமல் விளக்கேற்ற உள்ளே போனார்.