மாசிக் கடைசி, பங்குனி முதல்

மார்ச் 8-ஆம் தேதி காலை ஏழு மணிக்கே சம்பந்தியம்மா போன் செய்துவிட்டார். "வலி கண்டுடுச்சா?" அடுத்து என் ஓரகத்தி, அப்புறம் எதிர்வீட்டு அக்கா. மதியத்துக்குள் பதினோரு பேர். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். ஒரு வாரம் இப்படியே போனது. 16-ஆம் தேதி சாயங்காலம் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏதாவது குறையாம்மா?" என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த 8-ஆம் தேதியை ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நான். நாள் தள்ளிப்போனது தெரிந்த வாரமே கணக்குப் போட்டேன். கடைசியாக விலக்கான முதல் நாள் ஜூன் 1. அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய் ஏழு நாள் கூட்டினால் மார்ச் 8. விரல் விட்டு எண்ணும் இந்த முறையை ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துப் பேராசிரியர் நேகலே, 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவச்சிகளுக்கான தன் பாடநூலில் எழுதினார். அவருக்கு முன் ஹாலந்தில் போர்ஹாவே சொல்லியிருந்ததுதான் அதற்கு மூலம். விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதா, முடிந்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதைக்கூட நேகலே தெளிவாகச் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் முதல் நாள் என்று வைத்துக்கொண்டார்கள்.

எல்லாப் பெண்களுக்கும் 28 நாளுக்கு ஒருமுறை விலக்கு வரும், 14-ஆம் நாள் கருமுட்டை வெளியாகும் என்று வைத்துக்கொண்டு எண்ணுகிற 280 நாள் அது. என் மகளுக்குப் பெரியமனுஷி ஆன காலத்திலிருந்தே 35 நாளுக்கு ஒருமுறைதான். அவளுக்கு முட்டை வெளியாக 21-ஆம் நாள் வாக்கில் ஆகியிருக்கும். எட்டாவது வார ஸ்கேனில் கரு ஒரு வாரம் சிறியதாகத் தெரிந்தது. டாக்டரம்மா அட்டையில் மார்ச் 15 என்று திருத்தி எழுதினார். முதல் சில வாரங்களில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், அப்போது எடுக்கும் அளவில் ஐந்து முதல் ஏழு நாள்தான் முன்பின் ஆகும். கடைசி மாதங்களில் ஒவ்வொரு குழந்தையும் அதனதன் வாகில் வளர்வதால் மூன்று வாரம்வரைகூடத் தவறலாம். எங்கள் அட்டையில் தேதி மாறியது. நான் ஊரில் சொன்ன தேதி மாறவில்லை.

கரு உண்டான நாள் துல்லியமாகத் தெரிந்தால் பிறக்கும் நாளும் தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1980-களில் கருத்தரிக்க முயன்ற பெண்கள் தினமும் தங்கள் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்தார்கள். அதிலிருந்த ஹார்மோன்களை வைத்து முட்டை வெளியான நாளைக் கண்டார்கள். அப்படி 125 கர்ப்பங்களை எண்ணிப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. முட்டை வெளியானதிலிருந்து பிரசவம்வரை நடு அளவு 268 நாள். ஆனால் குறைமாதப் பிரசவங்களைக் கழித்த பின்பும், மிகக் குறைந்த நாளுக்கும் மிக அதிக நாளுக்கும் இடையே 37 நாள் வித்தியாசம். ஐந்து வாரத்துக்கு மேல்! கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்ளத் தாமதமான குழந்தைகள் பிறப்பதற்கும் கூடுதல் நாள் எடுத்துக்கொண்டன. நூறு குழந்தைகளில் நாலைந்துதான் சொன்ன தேதியில் பிறக்கின்றன என்பதைப் படித்தபோது, என் மகளைக் கேட்க வைத்த அந்தக் கேள்வி மறுபடி என்னைச் சுட்டது.

என் அம்மா காலத்தில் தேதி கிடையாது. "மாசிக் கடைசி, பங்குனி முதல்ல" என்பார்கள். கேட்டவர்களுக்கும் அது போதும். நாலு வாரம் ஒரு மாதம் என்று எண்ணினால் 280 நாள் என்பது நாம் சொல்லும் பத்து மாதமேதான். ஆனால் பத்து மாதம் என்று சொன்ன வாய் எதுவும் கிழமை சொல்லவில்லை.

அதற்காகத் தேதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாள் கடந்தால் குழந்தைக்கு ஆபத்து மெல்லக் கூடுகிறது. ஸ்வீடனில் 41 வாரத்தில் வலி வரவழைப்பதையும் 42 வாரம்வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2019-இல் அதன் முடிவு வெளிவந்தது. காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்திருந்தன. மற்றதில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் தொடக்கக் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். என் கணக்குப்படி போயிருந்தால் 15-ஆம் தேதியே 41 வாரமாகி, தேவையில்லாமல் வலிக்கு மருந்து ஏற்றியிருப்பார்கள். நட்சத்திரம் பார்த்து 38-ஆம் வாரத்தில் ஆபரேஷன் கேட்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. கணக்கு ஒரு வாரம் தவறியிருந்தால் அந்தக் குழந்தைக்கு 37 வாரம்தானே ஆகியிருக்கும்! காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு அதிகம்.

17-ஆம் தேதி டாக்டரம்மா இதயத் துடிப்பையும் பனிக்குட நீரையும் பார்த்துவிட்டு, "அசைவு குறைஞ்சா ராத்திரின்னு பார்க்காதீங்க, உடனே கிளம்பி வாங்க" என்று அனுப்பினார். மறுநாள் நடு இரவில் வலி எடுத்தது. 19-ஆம் தேதி விடியலில் பேத்தி பிறந்தாள். அட்டையில் இருந்த இரண்டு தேதிகளும் அவளுடையவை அல்ல.

இப்போது என் தம்பி மகள் முழுகாமல் இருக்கிறாள். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, "அத்தை, தேதி குடுத்துட்டாங்க" என்று என் காதோடு சொன்னாள். யார் கேட்டாலும் "ஐப்பசிக்குள்ள சொல்றோம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.