குண்டூசித் துரு

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு குற்றம் புரிந்தேன். அதற்காக எவரும் என்னைத் தண்டிக்கவில்லை. மாலை போட்டார்கள், கைதட்டினார்கள், ஆண்டறிக்கையில் என் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிட்டார்கள்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். அடிவாரத்துத் தெரு ஒன்றில், ஆசிரியர் சிலரும் நெசவாளர் சிலரும் கூடித் தொடங்கிய எங்கள் வரலாற்றுக் கழகம் இருக்கிறது. வாடகைக் கட்டடம், ஒழுகும் கூரை, பதினான்கு தகரப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளே கழகத்தின் சொத்து. கூட்டக் குறிப்பேடுகள், சந்தா ரசீதுகள், துண்டறிக்கைகள், சிற்றூர்களிலிருந்து வந்த கைச்சாத்திட்ட மனுக்கள் எல்லாம் அவற்றில் கிடந்தன.

சாதாரணக் காலத்துத் தாள்களல்ல அவை. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு எங்கள் ஊரும் அங்கே போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பிறகு படாஸ்கர் வந்தார். சிற்றூரை அலகாகக் கொள்க, பேசும் மொழியில் பெரும்பான்மை பார்க்க, நிலத் தொடர்ச்சி பார்க்க என்றார். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. முழக்கம் வழியைத் திறந்தது, உண்மை. ஆனால் எந்தச் சிற்றூர் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, விடை சொன்னது தாள்!

அந்தத் தாள்களைத்தான் 1983-இல், இருபத்திரண்டு வயதுத் துடிப்பில், நான் 'ஒழுங்கு' செய்தேன். கட்டுகளை அவிழ்த்தேன். குண்டூசிகளைப் பிடுங்கினேன். மனுவெல்லாம் ஒரு பக்கம், கடிதமெல்லாம் ஒரு பக்கம், ரசீதெல்லாம் ஒரு பக்கம். தெலுங்கில் இருந்தவற்றை, அவை என்னவென்று கேட்கவும் பொறுமையின்றி, ஒரு கோணிப்பையில் திணித்தேன். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆகா, எவ்வளவு துப்புரவு!

பவள விழா நெருங்கிற்று. செயற்குழு கூடிற்று. தெருமுனையில் நுழைவு வளைவு ஒன்று கட்ட வேண்டும் என்றார் ஒருவர். அந்தப் பணத்தில், ஆவணப் பணி கற்றவர் இருவரை மூன்று திங்களுக்கு ஊதியத்தோடு அமர்த்துவோம் என்றேன் நான்.

"தாளை அடுக்கக் கூலியா? நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் வந்தால் ஆகாதா? இது தொண்டல்லவா, ஐயா?"

தொண்டு! எத்தனை இனிய சொல். எத்தனை மலிவான சொல்! சுவருக்குக் கொத்தனாரை அழைக்கிறோம், கூலி கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களை விட்டுத் தூண் எழுப்புவதில்லை. அறிவு வேலை என்றால் மட்டும் இலவசம் கேட்கிறோம். உழைப்புக்கு ஊதியம் வேண்டுமென்று மேடைதோறும் முழங்கும் நாமே கேட்கிறோம்! நானும் தொண்டன்தான், தோழர்களே. தொண்டன் செய்த வேலை அந்தப் பெட்டிகளில் கிடக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்றேன்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, தம் வாழ்நாளெல்லாம் நூலும் இதழும் அறிக்கையும் திரட்டினார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்திரட்டை விலைக்கு வாங்கிற்று. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே நூலகமாக்கிற்று, பயின்ற ஆட்கள் பட்டியலிட்டார்கள், நுண்படச்சுருள் எடுத்தார்கள். ஒரு தனி மனிதரின் ஆர்வம், ஊதியம் பெற்றவர்களின் உழைப்பினால் தமிழகத்தின் உடைமையாயிற்று. இந்தக் கதையைச் சொன்ன பிறகே செயற்குழு இறங்கி வந்தது. மூன்று திங்களன்று; இரண்டு. வளைவையும் கைவிடவில்லை, அகலத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

வந்தவர்கள் இருவர். மூத்தவரான அந்த அம்மையார் டில்லியில் தேசிய ஆவணக்காப்பகம் நடத்தும் ஓராண்டுப் படிப்பை முடித்தவர், தெலுங்கும் படிப்பார். உடன் வந்த இளைஞர் தூரிகையும் முகமூடியுமாய் இராமபாணப் பூச்சியோடு போரிட்டார். (தாளைத் துளைக்கும் பூச்சிக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, நான் அறியேன்!)

முதல் நாள் அம்மையார் எதையும் தொடவில்லை. பெட்டிகளை எண்ணினார், எது எங்கே இருந்தது என்று எழுதிக்கொண்டார். பிறகு என் கட்டுகளைத் திறந்தார்.

"இதை யார் பிரித்தது?"

"நான்தான், அம்மா."

அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு மனுவோடு எந்தக் கடிதம் சேர்ந்திருந்தது, எந்தக் கூட்டத்தில் அது வைக்கப்பட்டது, வண்டிச் சத்தம் யார் கொடுத்தார் என்பதெல்லாம் தாள்கள் இருந்த வரிசையில்தான் எழுதியிருக்கும் என்றார். எழுதியவர்கள் அடுக்கியபடியே காப்பதுதான் தம் தொழிலின் முதற்பாடம் என்றார். தனித்தனியே படித்தால் தாள் பேசும். ஆனால் அடுத்த தாளின் பேச்சுக்கு விடையாகப் பேசாது.

எங்களூருக்கு இந்தப் பாடம் புதிதாக இருக்கக்கூடாது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டம், பிறகு சித்தூர், 1960 முதல் செங்கற்பட்டு, 1997 முதல் திருவள்ளூர். ஊர் ஓரடியும் நகரவில்லை, ஆயினும் எந்த ஆண்டின் தாளை எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதற்கே தனிக் கல்வி வேண்டும். எந்த ஆட்சி எழுதிய தாள் என்று தெரிந்தால்தான் தேடவே முடியும். வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவ அபராசிதன் காலத்துக் கல்லெழுத்துகள் ஆயிரத்து நூறு ஆண்டுகளாய் நிற்கின்றன. கல்லை எவனும் பொருள்வாரியாகப் பிரிக்க முடியவில்லை, அதனால் பிழைத்தது.

மூன்றாம் வாரம் அம்மையார் என்னை அழைத்தார். மேசை மேல் இரண்டு தாள்கள். ஒன்று, சிற்றூர் ஒன்றின் தமிழ் மனு; அடியில் கைநாட்டுகள். மற்றொன்று, என் கோணிப்பையிலிருந்து வந்த தெலுங்குச் சீட்டு. இரண்டின் இடது மூலையிலும் குண்டூசித் துரு, ஒரே அளவு, ஒரே சாய்வு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தார், துளைகள் பொருந்தின. சீட்டைப் படித்துச் சொன்னார். மனுவெழுதக் கூடியவர்களுக்குத் தம் திண்ணையில் இடமும் விளக்கெண்ணெயும் தந்ததற்குத் தெலுங்கு பேசும் கடைக்காரர் எழுதிய கணக்கு. 'பாக்கி இல்லை' என்று கடைசி வரி.

எதிர்த்தரப்பு என்று நான் மூட்டை கட்டியவர் அவர்.

துருவைக் கொண்டு அப்படிப் பதினேழு இணைகளை அவர்கள் மீட்டார்கள். எஞ்சியவை எஞ்சியவைதாம். இரண்டு திங்கள் முடிந்தது. பதினான்கில் ஐந்து பெட்டிகள் பட்டியலாயின. மீதிக்கு ஊதியம் வேண்டிச் சந்தா திரட்டிக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலின் முதற்பக்கத்தில் அம்மையார் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "1983-இல் கழக உறுப்பினர் ஒருவரால் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டவை. மூல வரிசை பெரும்பாலும் அறியக்கூடவில்லை." அந்த வரி இருக்கத்தான் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். நாளை இதைப் படிப்பவன் இந்த வரிசையை நம்பி ஏமாறக்கூடாதல்லவா என்றார்.

பேனாவை வாங்கினேன். 'உறுப்பினர் ஒருவரால்' என்பதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதினேன்.